என் முகத்தை முன்பே அறிந்திருந்த ஊர்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், வேலை விஷயமாக இலங்கையின் முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். அதுவரை நான் கடல் தாண்டியதில்லை. தூத்துக்குடியில் மீனவர்களுக்கு ஐஸ் ஆலை அமைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. முல்லைத்தீவுக் கரையில் படகுகள் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் தன் ஊரிலேயே ஐஸ் ஆலை போட விரும்பினார். இடத்தைப் பார்த்து, தண்ணீரைச் சோதித்து, பேசி முடித்து வருவது என் பொறுப்பு.

கிளம்புவதற்கு முன், அடிக்கடி கொழும்புக்குப் போய்வரும் எங்கள் அலுவலக மூத்தவர் ஒருவர் என்னை உட்கார வைத்து யோசனைகளை அள்ளிக் கொட்டினார். விசாவை இங்கிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடு. விமான நிலையத்திலேயே சிம் போட்டுக்கொள். பணத்தையும் அங்கேயே மாற்றிவிடு, வவுனியாவைத் தாண்டினால் எல்லாக் கடையிலும் கார்டு வாங்கமாட்டார்கள். பௌர்ணமியன்று யாரையும் பார்க்க நேரம் கேட்காதே, நாடே விடுமுறை. கரையோரக் கத்தோலிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்கு வியாபாரமும் வேண்டாம். போன உடனே விலையை எடுக்காதே. தேநீர் கொடுப்பார்கள், குடி. வீட்டில் எல்லோரையும் விசாரி. விலை தானாக வந்து சேரும். ராணுவ முகாம் பக்கம் போனைத் தூக்காதே. அவர்களாகச் சொன்னாலொழிய சண்டைக் காலத்தைப் பற்றிக் கேட்காதே. எல்லாவற்றுக்கும் மேல், தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்காதே.

அத்தனையும் சரியான யோசனைகள். இன்றைக்கு அங்கே போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நானும் இதையேதான் சொல்கிறேன். ஆனால் எனக்கு அங்கே நடந்ததற்கு இதில் எதுவும் கைகொடுக்கவில்லை.

கொழும்பிலிருந்து காலை ரயிலில் வவுனியா வந்து இறங்கினேன். முதலாளி ஏற்பாடு செய்திருந்த வேன் நின்றது. ஓட்டுநர் வவுனியாக்காரர், ஐம்பது வயதிருக்கும், நன்றாகப் பேசுகிறவர். ஓமந்தையைக் கடந்ததும் அவரும் தன் பங்குக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“தம்பி, ஒண்டுக்குப் போறதெண்டாலும் றோட்டுக்கரையை விட்டு இறங்காதேங்கோ. சிவப்புப் பலகையில மண்டையோடு கீறியிருக்கிற இடம் எண்டால், அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்காதேங்கோ. பின்னேரம் இருட்டுறதுக்கு முதல் திரும்பிடுவம், யானை வரும்.”

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். இருபுறமும் காடு, நடுநடுவே வயல், ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்னப் புது வீடுகள். அவற்றுக்கு நடுவே, கூரையில்லாத பழைய வீடொன்றின் நடுக்கூடத்திலிருந்து பெரிய மரம் வளர்ந்து வெளியே வந்திருந்தது. மூத்தவர் சொன்னபடி நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு கடையில் தேநீர் குடிக்க நிறுத்தினார். அங்கேதான் தொடங்கியது.

கடைக்காரர் கிளாஸில் தேநீரை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். கிளாஸ் நிரம்பி, கொதிக்கும் தேநீர் அவர் விரல்களில் வழிந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. பாண் என்கிற ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் சட்டென்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு வெளியேறினாள். கரண்டு போனதும் ஒரு வீட்டில் எல்லாச் சத்தமும் ஒன்றாக அடங்குமே, அப்படி அடங்கியது அந்தக் கடை.

வாசலில் சைக்கிளோடு நின்ற ஒருவர் மெதுவாக என் அருகே வந்தார். முகத்துக்கு மிக அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“எப்ப வந்தனீ?”

எவ்வளவு உரிமையாக விசாரிக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சிதான். “இன்னைக்குக் காலையிலதாங்க” என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவர் ஓரடி பின்வாங்கினார். பிறகு சைக்கிளில் ஏறி, கடல் இருக்கும் திசையில் வேகமாக மிதித்தார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வேனில் ஏறியதும் ஓட்டுநர் கேட்டார். “தம்பிக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?”

“யாரும் இல்லைங்க.”

“பழைய ஆக்கள்? பாட்டன், பூட்டன்?”

“எங்க வம்சத்துலயே கடலைத் தாண்டின முதல் ஆள் நான்தான்.”

அவர் கண்ணாடியைத் திருப்பி அதில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

முதலாளி கரையில் வலைகளும் இயந்திரங்களும் வைக்கும் தன் வாடியின் நிழலில், போனில் பேசிக்கொண்டு நின்றார். நாங்கள் அதுவரை போனில் மட்டும்தான் பேசியிருந்தோம். என் வாட்ஸ்அப்பில் பிள்ளையார் படம்தான் இருந்தது, அதனால் என் முகம் அவருக்குத் தெரியாது. நான் வேனிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னேன். அவர் காதிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது. மறுமுனையில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது.

அவர் அதை அணைத்துப் பையில் போட்டார். “வாங்கோ, வாங்கோ. பயணம் எல்லாம் எப்பிடி?” என்றவர், அடுத்த மூச்சிலேயே, “வெயில் சரியான கடுமை. தொப்பி வச்சிருக்கிறீங்களோ? போடுங்கோ” என்றார்.

போட்டேன்.

“இன்னும் கொஞ்சம் முன்னால இறக்கி விடுங்கோ. முகத்தில வெயில் படாமல்.”

விருந்தாளியிடம் எவ்வளவு அக்கறை என்றுதான் அப்போதும் நினைத்தேன். மணலில் நடந்தோம். ஒரு கூட்டம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே தாளத்தில் குரல் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். நாங்கள் நெருங்க நெருங்க, முன்னால் இருந்தவரிலிருந்து ஒவ்வொருவராகக் குரல் நின்றது. கயிறு தளர்ந்தது. இழுத்த வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் திரும்பிப் போனது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“என்னங்க, ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறாங்க?” என்றேன்.

“புது ஆள் எல்லோ. அப்பிடித்தான் பாப்பினம்” என்றார் முதலாளி. ஆனால் அவர் என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

ஆலைக்கான இடம் கடலுக்கும், களப்பு என்று அவர்கள் சொல்லும் காயலுக்கும் நடுவே இருந்தது. அகலமும் போதும், மின்கம்பமும் பக்கத்தில். ஆனால் அங்கிருந்த கிணற்றுத் தண்ணீரில் என் மீட்டரை விட்டதுமே தெரிந்துவிட்டது, ஒரே உப்பு. ஐஸுக்கு ஆகாது. ஓலை வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு வளவில், வேப்பமரத்தடியில் இன்னொரு கிணறு தெரிந்தது.

“அந்தத் தண்ணி எப்படி?”

“அது நல்ல தண்ணி. ஆனால் அந்த வளவு வேண்டாம்.”

எனக்குச் சிவப்புப் பலகை ஞாபகம் வந்தது. “கண்ணிவெடியா?”

“சீச்சீ. அதெல்லாம் எடுத்து முடிஞ்சுது. இது வேற.”

அந்த வேறு என்ன என்று நான் கேட்பதற்குள், வேலியருகே ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், பதினைந்து வயதிருக்கும். என்னை நேராகப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னாள்.

“மாமா, அம்மா இவரை ஒருக்கா வரட்டாம்.”

முதலாளி அங்கே கவிழ்ந்து கிடந்த படகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “கதை அங்கயும் போயிட்டுது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னையும் உட்காரச் சொல்லி, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. இந்தப் பிள்ளையின்ர தகப்பனும் நானும் ஒரு படகில தொழில் செய்தனாங்கள். கடைசிச் சண்டையில அவர் காணாமல் போயிட்டார். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நீங்கள் வேனால இறங்கேக்க எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. அவரை உரிச்சு வச்ச மாதிரி இருக்கிறீங்கள். அதுவும் அவர் போன அண்டைக்கு எப்பிடி இருந்தாரோ, அப்பிடியே. ஒரு நாளும் வயசு போகாமல்.”

என் கை தானாகவே என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

எங்கள் பின்னாலேயே வந்திருந்த ஓட்டுநர் என்னைத் தனியே அழைத்தார். “போகாதேங்கோ தம்பி. நீங்கள் வியாபாரத்துக்கு வந்தனீங்கள். அந்த அம்மா உங்களைப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கினால் என்ன செய்வீங்கள்? வேனில ஏறுங்கோ, போவம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையில் எனக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பிள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ‘வரமாட்டார்’ என்று அவள் தனியாகத் திரும்பிப் போய்ச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. போனேன்.

பூசாத கல்வீடு. வாசலில் ஒரு பெண்மணி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அழவில்லை, ஓடி வரவில்லை. நான் கும்பிடக் கையைத் தூக்கி வாயைத் திறந்தேன்.

“ஒண்டும் கதைக்காதேங்கோ,” என்றார். “கொஞ்ச நேரத்துக்கு.”

நிறுத்தினேன்.

“தொப்பியைக் கழட்டுங்கோ.”

கழற்றினேன். அவர் படியிறங்கி வந்து என்னை ஒருமுறை சுற்றி வந்தார். பக்கவாட்டில் நின்று காதைப் பார்த்தார். பின்னால் நின்று கழுத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதிரே அவர் உட்கார்ந்தார். மகள் கதவோரம் நின்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. சுவரில் ஒரு மாதா படம் மட்டும் இருந்தது. கடலின் இரைச்சல் ஒரு பக்கமிருந்து விடாமல் கேட்டது. அந்த அம்மாவின் பார்வை என்மேல் இருந்தது, ஆனால் அது எனக்கானது அல்ல. என்னைத் தாண்டி, இந்த முகத்துக்குப் பின்னால் இருந்த வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அசையவும் பயமாக இருந்தது. என் மூச்சுச் சத்தம்கூட அந்த மனிதருடையதாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. அந்த நேரத்தில் யாராவது என் பெயரைக் கேட்டிருந்தால், சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். கதவோரம் நின்ற பிள்ளை என்னைப் பார்ப்பதும், தன் மூக்கை மெல்லத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள்.

“சரி,” என்றார் அந்த அம்மா கடைசியில். “இப்ப கதையுங்கோ.”

“அக்கா, நான் தூத்துக்குடிங்க. ஐஸ் ஆலை வேலையா வந்தேன்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் கண்ணை மூடித் திறந்தார். “ஓம். குரல் வேற” என்று லேசாகச் சிரித்தார். “பயப்பிடாதேங்கோ தம்பி. எனக்கு விசர் இல்லை. நீங்கள் அவர் இல்லையெண்டு படலைக்குள்ள வரேக்கயே எனக்குத் தெரியும். காதும் வேற. ஆனால் கதைச்சால் போயிடும் எண்டுதான் பேசாமல் இருக்கச் சொன்னனான்.”

பிறகு அவராகவே சொன்னார். சனத்தோடு சனமாக நடந்து வந்த கடைசி நாட்களில், கைக்குழந்தை தண்ணீருக்கு அழுததாம். “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், இதில இரு” என்று போனவர் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே இருக்கச் சொன்னாரே என்று இவர் நகராமல் இருந்திருக்கிறார். கூட்டம்தான் இவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

“கலியாணப் படம் எல்லாம் இருந்த பையும் அந்த வழியில போயிட்டுது. இவளுக்குத் தகப்பன்ர முகம் தெரியாது. எப்பிடி இருப்பார் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் என்னெண்டு சொல்லிக் காட்டுறது?”

அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல்முறையாக என்னிடம் பேசினாள். என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமலே கேட்டாள்.

“ஒரு படம் எடுக்கட்டோ?”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் தாய் உடனே. “அது இவற்ர முகம். எங்கட இல்லை.”

“எடுக்கட்டும்க்கா” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் போனைத் தூக்கியபோது சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை. அவளுடைய அப்பா என்ன செய்திருப்பாரோ, அது எனக்கு எப்படித் தெரியும்? சும்மா பார்த்தேன். எடுத்தாள்.

தாய் போனை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன வயசு தம்பி?”

“முப்பத்திரண்டு.”

“அவருக்கும் அப்ப அதுதான்.”

இன்னும் கொஞ்சம் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மாறியது. அதுவரை இருந்த நிதானம் எங்கேயோ போய்விட்டது.

“ஐயோ பிள்ளை,” என்றார் மகளிடம். “நான் இவ்வளவு காலமும் இந்தப் பெடியனை எல்லோ தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பஸ்ஸில ஏறினாலும், கோயில் பெருநாளுக்குப் போனாலும், இந்த வயசுப் பெடியளின்ர முகத்தைத்தான் ஒண்டொண்டாப் பாப்பன். எனக்கு வயசு போச்சு. அவருக்கும் போயிருக்கும் எண்டு எனக்கு ஒருநாளும் நினைப்பு வரேல்ல. அவர் எனக்குப் பக்கத்து சீற்றில இருந்து வந்திருந்தாலும் நான் திரும்பிப் பாத்திருக்க மாட்டன்.”

அப்போதுதான் அவர் அழுதார். ஓட்டுநர் பயந்ததுபோல என்னைப் பிடித்துக்கொண்டு அல்ல. மகளைப் பிடித்துக்கொண்டு, என்னை அங்கே மறந்தே போய் அழுதார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சொந்த முகம் இவ்வளவு பாரமாக அதுவரை இருந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து, முகத்தைக் கழுவி, தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். நான் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நினைவுக்கே வரவில்லை. வேலிக்கதவான படலை வரை வந்தவர்தான் சொன்னார்.

“ஐசுக்குத் தண்ணி தேவை எண்டு முதலாளி சொன்னவராம். குழாய் போட்டு எடுக்கச் சொல்லுங்கோ. நல்ல தண்ணி.”

அன்று மாலை திரும்பும் வழியில் தண்ணீரூற்றுக் கடை வந்தபோது நான் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டேன். இந்த முறை அது வெயிலுக்காக இல்லை.

ஐஸ் ஆலை அந்த வருடமே ஓட ஆரம்பித்தது. இயந்திரங்களைப் பொருத்த வேறொருவர் போனார். எனக்குத்தான் மறுபடி போகத் துணிவு வரவில்லை; நான் தெருவில் நடந்தால் இன்னும் எத்தனை கிளாஸில் தேநீர் வழியுமோ என்று நினைத்தேன். முதலாளி நல்ல மனிதர், அந்தக் கிணற்றிலிருந்து குழாய் போட்டு, அந்த அம்மாவுக்கு ஆலையிலேயே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார் என்று போன ஆள் வந்து சொன்னார்.

அதன்பிறகு ஒருநாள், இலங்கை எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. முதலாளியிடம் எண் வாங்கி அந்தப் பிள்ளைதான் அனுப்பியிருந்தாள். அன்று எடுத்த என் படத்தை, வயதைக் கூட்டிக் காட்டும் ஏதோ ஒரு செயலியில் போட்டிருக்கிறாள். காதோரம் நரை, நெற்றியில் முடி ஏறிப்போய், கன்னம் இறங்கி, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத அதே பார்வையோடு ஒருவர் என்னைப் பார்த்தார். கீழே எழுதியிருந்தாள்: “அப்பா இப்ப இப்பிடித்தான் இருப்பார். அம்மா இனி இந்த முகத்தைத்தான் தேடுவாவாம்.”

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “யாருங்க இவரு, உங்க பெரியப்பாவா?” என்றாள். அது நான்தான் என்றும் சொல்ல முடியவில்லை, நான் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது, அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் புதிதாகப் பார்த்தாள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியில் ஒரு நரை தெரிந்தால், அவரை நோக்கி நான் ஒரு அடி நெருங்கிவிட்டதாகத் தோன்றும். இப்போதெல்லாம் எந்த ஊரில் ரயில் ஏறினாலும், என் சாடையில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் பெட்டியில் இருக்கிறாரா என்று பார்க்காமல் நான் உட்காருவதில்லை. காணாமல் போன ஒருவரைத் தேடுவதை நிறுத்துவது ஏன் அவ்வளவு கடினம் என்பது, நானும் தேடுகிறவர்களில் ஒருவனான பிறகுதான் எனக்குப் புரிந்தது.